தள்ளுபடித் துணியும் நம் சேமிப்புப் பணமும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து, எல்லோரும் சுண்டலும் காபியுமாக நின்றுகொண்டிருந்தோம். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளம் உறுப்பினர் ஒருவர் என்னிடம் வந்து, "சார், நீங்க ஷேர் விஷயமெல்லாம் பார்க்கிறவர். துணிக்கடை கம்பெனி ஷேர்ல கொஞ்சம் பணம் போடலாம்னு இருக்கேன், போடலாமா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவருடைய மனைவி குறுக்கிட்டு, "சார், நம்ம ஊர்க் குப்பைமேட்டுல எவ்வளவு துணி சேருதுன்னு இவர்கிட்ட சொல்லுங்க. அந்தக் குப்பையில நம்ம பணத்தையும் கொட்டணுமா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்த இரண்டு கேள்விகளும் என்னை விடவில்லை. யோசித்துப் பார்த்ததில் அவை இரண்டும் ஒரே கேள்விதான் என்று பட்டது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் நிதி ஆலோசகன் அல்ல. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து 1981-ல் ரயில்வேயில் சேர்ந்து, காஜிப்பேட்டை யார்டிலும் லாலாகுடா ஒர்க்‌ஷாப்பிலுமாக முப்பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்து 2020-ல் ஓய்வு பெற்றவன். ஓய்வின்போது கிடைத்த பணத்தில் பெரும்பகுதி தபால் ஆபீசிலும் வங்கியிலும் இருக்கிறது. ஒரு சிறு பகுதி பங்குகளில் இருக்கிறது. அதில் துணிக்கடைப் பங்குகளும் உண்டு. ஆகவே நான் கரையில் நின்றுகொண்டு உபதேசம் செய்யவில்லை. என் காலும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

துணிக்கடைப் பங்குகளின் மேல் நம்மவர்களுக்கு ஏன் இத்தனை ஆசை என்பது விளங்காததல்ல. கண்ணால் காணும் வியாபாரம் அது. மருந்துக் கம்பெனி என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஜெனரல் பஜாரிலும் அமீர்பேட்டையிலும் கூக்கட்பள்ளியிலும் துணிக்கடை வாசலில் நிற்கும் கூட்டம் நம் கண்ணெதிரே இருக்கிறது. நம் ஊர்க் கம்பெனியான சாய் சில்க்ஸ் கலாமந்திர் 2023 செப்டம்பரில் பங்கு வெளியிட்டது. ஒரு பங்கு 222 ரூபாய். மொத்த வெளியீடு சுமார் 1,200 கோடி. அதற்கு முந்தைய மாதம்தான் ரிலையன்ஸ் தன் யூஸ்டா கடைகளில் முதலாவதைக் கொண்டாப்பூர் பக்கம் சரத் சிட்டி மாலில் திறந்தது. எந்தத் துணியும் ஆயிரம் ரூபாயைத் தாண்டாது என்பதே அதன் விளம்பரம். டாட்டாவின் டிரெண்ட் கம்பெனி நடத்தும் ஜூடியோ கடைகள் 2024 மார்ச்சில் 545 இருந்தன. ஒரே ஆண்டில் 765 ஆயின. அந்தப் பங்கு 2024 அக்டோபரில் எட்டாயிரம் ரூபாயைத் தாண்டியபோது, நம் சங்கத்தில் அதை வாங்காதவர்கள் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டில் அது ஐயாயிரத்துக்குக் கீழே வந்தபோது, உயரத்தில் வாங்கியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கை வைக்காத தலையே இல்லை.

இந்த ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. அதை நம்மைப் போல் தமிழ்நாட்டை விட்டு இங்கு வந்து குடியேறியவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். ஏனென்றால் வருடத்துக்கு இரண்டு தள்ளுபடிகளைக் காண்பவர்கள் நாம். தெலுங்கர்களின் ஆஷாட மாதம் முதலில் வரும். கல்யாணம் காட்சி இல்லாத மாதம், கடையில் கூட்டம் இருக்காது. ஆகவே ஆஷாடத் தள்ளுபடி. அது முடியும் சமயத்தில் ஊரிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகைகளில் ஆடித் தள்ளுபடி விளம்பரம் பக்கம் பக்கமாக வரும். நம் வீட்டுப் பெண்மணிகள் சிலர் இங்கும் வாங்கி, விடுமுறைக்குப் போன இடத்தில் அங்கும் வாங்கி வருவார்கள். என் வீடும் இதற்கு விலக்கல்ல.

தள்ளுபடி என்றால் என்ன? கடைக்காரர் நம் மேல் கொண்ட அன்பா? கல்யாண முகூர்த்தங்களுக்கென்று வாங்கி அடுக்கிய சரக்கு விற்காமல் நிற்கிறது. அடுத்துப் பண்டிகைகளுக்குப் புதுச் சரக்கு வந்தாக வேண்டும். வைக்க இடம் வேண்டும், நெசவாளிக்கும் மொத்த வியாபாரிக்கும் கொடுக்கப் பணம் வேண்டும். பழைய சரக்கைத் தள்ளினால்தான் புதுச் சரக்கு உள்ளே வரும். ஆகத் தள்ளுபடி என்பது கடைக்காரர் முன்பு போட்ட கணக்கு எவ்வளவு தவறியது என்பதன் அளவுகோல்.

இந்த அளவைப் பங்கு வாங்குபவர் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆண்டறிக்கையில் கையிருப்புச் சரக்கு என்று ஓர் எண் இருக்கும். ஒரு கடை ஆண்டு முழுவதும் விற்ற சரக்கின் அடக்க விலை 365 கோடி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் கையில் 120 கோடிக்குச் சரக்கு இருந்தால், அது 120 நாள் விற்பனைக்கான சரக்கு. அடுத்த ஆண்டு விற்பனை அதே அளவு, சரக்கு மட்டும் 180 கோடி என்றால் 180 நாள். இடையில் என்ன நடந்தது? வாங்கியது விற்கவில்லை. லாபக் கணக்கு அப்போதும் அழகாகவே இருக்கக்கூடும். ஏனென்றால் விற்காத துணியையும் சொத்து என்றுதான் கணக்கில் எழுதி வைத்திருப்பார்கள். அதை அடக்க விலைக்கும் குறைவாகத்தான் விற்க முடியும் என்று ஒப்புக்கொள்ளும் நாளில்தான் நஷ்டம் வெளியே வரும். சத்யம் கம்பெனிக் கணக்கின் உண்மை 2009 ஜனவரியில் வெளியானபோது இந்த ஊரில் இருந்தவர்கள் நாம். கணக்கில் சொத்து என்று எழுதியிருப்பதெல்லாம் சொத்தா என்று கேட்கும் பழக்கம் மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு அதிகமாக இருக்க வேண்டும்.

சரக்கு இருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன கலாமந்திர் வெளியீட்டில் கம்பெனிக்கென்று திரட்டிய 600 கோடியில் மிகப் பெரிய பங்கு, சுமார் 280 கோடி, நடைமுறை மூலதனத்துக்கு என்று விண்ணப்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். பட்டுக்கடை என்றால் நூறு புடவையை விரித்துக் காட்டித்தான் ஒன்றை விற்க முடியும். சரக்கு நிறையத்தான் வேண்டும். பட்டு ஒரு நாளில் கெட்டுப்போவதும் இல்லை. என் மாமியாரின் கல்யாணப் புடவை என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வந்தது. ஆனால் இருநூறு ரூபாய் டீ-சட்டைக்கு அந்த ஆயுள் கிடையாது. அதன் நிறமும் எழுத்தும் மூன்று மாதத்தில் பழசு. ஆகவே எந்தத் துணி எத்தனை நாள் தேங்கலாம் என்பதைக் கடைக்குத் தகுந்தாற்போல் பார்க்க வேண்டும்.

ரயில்வேயில் பழைய வேகன்களுக்கு ரோலர் பேரிங் கிடையாது. அச்சின் முனை ஒரு பித்தளைத் தாங்கியின் அடியில் சுழலும். அதற்குக் கீழே எண்ணெயில் ஊறவைத்த நூல் கழிவைத் திணித்து வைப்போம். அது எண்ணெயை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். திணித்தது காய்ந்து போனாலோ நழுவிப் போனாலோ அச்சு சூடேறும். ஹாட் ஆக்ஸில் என்போம். வண்டி யார்டுக்குள் நுழையும்போதே வாசனை காட்டிக்கொடுத்துவிடும். பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்து, அந்த வேகனைக் கழற்றி ஒதுக்குவோம். அச்சு முறியும் வரை காத்திருந்து பிறகு விசாரணைக் கமிட்டி போடுவது என்ஜினியர் வேலை அல்ல. சரக்கு நாள் ஏறுவதும் அப்படிப்பட்ட வாசனைதான். 2018 மார்ச்சில் உலகப் பெரிய துணிக்கடைகளில் ஒன்றான ஸ்வீடன் நாட்டு எச் அண்ட் எம், தன்னிடம் விற்காமல் இருக்கும் சரக்கின் மதிப்பு 430 கோடி டாலர் என்று கணக்குக் காட்டியது. லாபம் கடுமையாகச் சரிந்திருந்தது. ஆனால் சரக்கு ஒரே இரவில் குவிந்ததல்ல. அதற்கு முந்தைய அறிக்கைகளிலேயே ஏறிக்கொண்டுதான் வந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தவர்களுக்குச் சூடு தெரிந்திருக்கும்.

இதுவரை கணவரின் கேள்விக்குப் பதில் சொன்னேன். இனி மனைவியின் கேள்வி. விற்காத துணியும், விற்று வீணான துணியும் எங்கே போகின்றன?

இதில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. பெருமைப்படத்தக்கதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, செகந்திராபாத்தில் நாங்கள் சில ரயில்வே குடும்பங்கள் சேர்ந்து அரிசி, பாத்திரம், துணி என்று திரட்டினோம். அரிசி குறைவு, துணி மலை. அதை லாரியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் மூன்று பேர் ஜனவரியில் நாகப்பட்டினம் போனோம். ஊர் நெருங்க நெருங்கச் சாலையின் இரு பக்கமும் துணி. எங்களுக்கு முன்னால் வந்த லாரிகள் கொட்டிவிட்டுப் போனவை, மழையிலும் புழுதியிலும் கிடந்தன. ஒரு குப்பத்தில் வயதான மீனவர் ஒருவர் எங்கள் லாரியைப் பார்த்துவிட்டு, "அரிசி இருந்தா எறக்குங்க தம்பி. துணி வேணாம்" என்றார். நாங்கள் வற்புறுத்தி ஒரு மூட்டையைப் பிரித்தோம். கம்பளி ஸ்வெட்டர், ஜிப் போன கால்சட்டை, சாயம் போன சுடிதாரின் மேல்பாதி மட்டும். நாகப்பட்டினத்துக் கடற்கரைக்குக் கம்பளி ஸ்வெட்டர்! அந்தப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார். அந்த மூட்டையில் என் வீட்டுத் துணியும் இருந்தது. நாங்கள் கொடுக்கப் போகவில்லை, கழிக்கப் போயிருந்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்படிக் கிடந்த துணியைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தும் வேலையில் கூஞ்ச் என்ற அமைப்பு அன்று சென்னையில் ஈடுபட்டது. 1999-ல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய அமைப்பு அது. அவருக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது. அவர்கள் சொல்வது எளிமையானது. பழைய துணி தானம் அல்ல, அது ஒரு கச்சாப்பொருள். துவைத்து, தரம் பிரித்து, வேண்டியவருக்கு வேண்டிய வடிவத்தில் கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு.

நம் நாட்டில் ஓர் ஆண்டில் சேரும் துணிக் கழிவு சுமார் 78 லட்சம் டன் என்று ஃபேஷன் ஃபார் குட் என்ற அமைப்பு 2022-ல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. இதில் ஏறத்தாழப் பாதி, நாம் உடுத்திக் கழித்தது. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் மில்களிலும் தையல் ஆலைகளிலும் வெட்டி எறிவது. மிச்சம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாவது. ஆம், அமெரிக்காவும் ஐரோப்பாவும் கழித்த துணி குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. அதில் ஒரு பகுதியை ஹரியானாவின் பானிபட்டில் பிய்த்து நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். நம் திருப்பூரின் பனியன் வெட்டுத் துண்டுகளும் அப்படித்தான். திருப்பூர், பல்லடம் வட்டாரத்து ஓ.இ. மில்கள் அவற்றை மறுபடி பஞ்சாக்கி நூற்கின்றன. நாம் வாங்கும் விலை குறைந்த போர்வையிலும் தரைவிரிப்பிலும் அந்த நூல் இருக்கிறது. கழிவிலிருந்து பொருள் செய்யும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதல்ல. எவர்சில்வர் பாத்திரக்காரியிடம் பழைய ஜரிகைப் புடவையைப் போட்டுத் தூக்கு வாங்கிய தலைமுறைதானே நாம்.

அப்படியென்றால் பிரச்சினை எங்கே? துணி மாறிவிட்டது. பருத்தி என்றால் துடைக்கலாம், பிய்த்து நூற்கலாம், மண்ணில் மக்கும். இன்று உலகில் தயாராகும் இழையில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர், அதாவது பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதைப் பருத்தியோடு கலந்து, இழுவைக்கு எலாஸ்டிக் இழையும் சேர்த்து, மேலே பிளாஸ்டிக் எழுத்தும் அச்சடித்துவிட்டால், அந்தச் சட்டையைப் பிரித்துப் பழையபடி பஞ்சாக்குவது மிகக் கடினம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் காட்டன் வேஸ்ட் கிலோ கணக்கில் வரும். எண்ணெயைச் சர்ரென்று உறிஞ்சும். ஓய்வு பெறும் சமயத்தில் வந்த மூட்டைகளில் பாதித் துண்டுகள் எண்ணெயைத் துடைக்கவில்லை, தடவிவிட்டன. கழிவுக்குக்கூட லாயக்கில்லாத துணி என்று எங்கள் கலாசிகள் சொல்வார்கள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல்லில் விஷயம் முழுதும் அடங்கிவிட்டது.

இப்போது சிலர் கேட்கலாம்: "புதுக் கடைகள்தான் சரக்கைத் தேக்குவதே இல்லையே? கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்து, வேகமாக விற்றுவிடுகிறார்களே? உங்கள் கணக்குப்படி அவைதானே நல்ல கம்பெனிகள்?" நியாயமான கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். சரக்கு நாள் குறைவு, கழிவு குறைவு, பங்கும் நல்லது என்று கணக்கு நேராக இருந்தது. ஒரு நாள் வீட்டில் பீரோ கதவு மூடவில்லை என்று மனைவி கூப்பிட, நான் திருகாணி மாட்டும் உளியோடு போனேன். கீல் சரியாகத்தான் இருந்தது. உள்ளே துணி பிதுங்கிக்கொண்டிருந்தது. மகனுக்கும் பேரனுக்குமாக வாங்கிய சட்டைகளில் விலைச்சீட்டு கழற்றாதவை மட்டும் பதினொன்று. கடையின் சரக்கு நாள் குறைந்ததற்குக் காரணம் புரிந்தது. கடைக்காரரின் கிடங்கு என் பீரோவுக்கு இடம் மாறிவிட்டது. துணி கடையில் தேங்கினால் பங்குதாரருக்கு நஷ்டம், உடனே தெரியும். வீட்டில் தேங்கினால் நஷ்டம் எந்த ஆண்டறிக்கையிலும் வராது. கடைசியில் அது ஜவஹர்நகர் குப்பைமேட்டில்தான் வந்து சேரும்.

ஆனால் கணக்கில் வராத கழிவு என்றைக்கும் வராமலே இருந்துவிடுமா? இதற்கும் நம் பக்கத்து உதாரணமே போதும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் பல ஆண்டுகள் கழிவுநீரை நொய்யலில் விட்டன. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாய நீர் தேங்கும் இடமாயிற்று. அந்தச் செலவு பனியன் விலையில் சேரவில்லை. கீழ்ப்பகுதி விவசாயி தன் நிலத்தால் அதைக் கட்டினார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அன்று ஊரே நின்றது. தொழிலாளி, முதலாளி, கடன் கொடுத்த வங்கி, எல்லோரும் ஒரே நாளில் பழைய பாக்கியைக் கட்ட வேண்டியதாயிற்று. முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருந்தால் இத்தனை வலி இருந்திராது.

துணிக் கழிவுக்கும் அந்த நாள் நெருங்குகிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 ஜனவரி முதல் பழைய துணியைத் தனியாகச் சேகரித்தாக வேண்டும். விற்காத துணியைப் பெரிய கம்பெனிகள் அழிக்கக் கூடாது என்ற தடைக்கு 2026 ஜூலை 19 என்று நாள் குறித்தார்கள். பிரான்ஸ் அந்தத் தடையை 2022-லேயே கொண்டுவந்துவிட்டது. துணி விற்பவரே அது கழிவான பிறகு சேகரிக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று 2025-ல் ஒன்றியம் சட்டத்தைத் திருத்தியது. நம் நாட்டில் பிளாஸ்டிக் உறை, டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு இதே போன்ற பொறுப்பை விற்பவர் மேல் வைக்கும் விதிகள் 2022-ல் வந்தன. துணி மட்டும் எத்தனை நாள் தப்பும்? அந்த விதி வரும் அன்று, எளிதில் பிரிக்க முடியாத கலப்புத் துணியைக் கோடிக்கணக்கில் விற்ற கம்பெனியின் லாபம் என்ன ஆகும்? ஆகவேதான் சொன்னேன், கணவரின் கேள்வியும் மனைவியின் கேள்வியும் ஒன்றே என்று. ஒருவர் இன்றைய நஷ்டத்தைக் கேட்டார், இன்னொருவர் நாளைய நஷ்டத்தைக் கேட்டார்.

மலிவுத் துணியே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பிள்ளைகள். தீபாவளிக்கு ஒரே தானில் எல்லோருக்கும் சட்டை. அண்ணன் போட்டது தம்பிக்கு வரும், தம்பிக்கு வரும்போது காலரைத் திருப்பித் தைத்திருப்பார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் பாடமாட்டேன். பள்ளிக்கூடத்தில் முழங்கைக் கிழிசலைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றவனுக்குத்தான் அதன் வேதனை தெரியும். இன்று ஆட்டோ ஓட்டுபவரின் மகளும் அதிகாரியின் மகளும் ஒரே கடையில் ஒரே மாதிரி சுடிதார் எடுக்கிறார்கள் என்றால் அது நல்லதே. நான் கேட்பது, அந்தச் சுடிதார் ஐம்பது சலவையாவது தாங்கட்டும் என்பதுதான். ஏழைக்கு மலிவுத் துணி வேண்டும். மூன்று மாதத்தில் மறுபடி வாங்க வைக்கும் துணி ஏழைக்கு மலிவும் அல்ல.

சரி, பங்கு வாங்கலாமா கூடாதா? என் வழக்கத்தைச் சொல்கிறேன். மூன்று விஷயம் பார்ப்பேன்.

முதலாவது, ஐந்து ஆண்டுச் சரக்கு நாள். புதிய கடைகள் திறப்பதால் சரக்கு ஏறுவது இயல்பு. விற்பனை ஏறாமல் சரக்கு மட்டும் ஏறினால் ஒதுங்குவேன். கூடவே, லாபம் பணமாகக் கைக்கு வந்ததா என்றும் பார்ப்பேன்.

இரண்டாவது, விற்காத துணி எங்கே போகிறது என்று கம்பெனி சொல்கிறதா? சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் கம்பெனிகள் 2022-23 முதல் பொறுப்பறிக்கை ஒன்றை ஆண்டறிக்கையோடு தர வேண்டும் என்பது செபியின் விதி. எத்தனை டன் கழிவு, அதில் எவ்வளவு மறுபயன்பாட்டுக்குப் போனது என்ற அட்டவணை அதில் உண்டு. சில கம்பெனிகள் அட்டைப்பெட்டியையும் பிளாஸ்டிக்கையும் கணக்குக் காட்டிவிட்டுத் துணியைப் பற்றி மூச்சு விடுவதில்லை. துணிக்கடையில் துணிக் கழிவே இல்லையென்றால் அது அதிசயம் அல்லவா?

மூன்றாவது, கடைக்கு நேரில் போய்த் துணியைத் தொட்டுப் பார்ப்பேன். உள்தையலைத் திருப்பிப் பார்ப்பேன். எதனால் நெய்தது என்ற சீட்டைப் படிப்பேன். விற்பனைப் பெண்கள், பெரியவர் ஏதோ குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறார் என்று பயப்படுவார்கள். பரவாயில்லை.

விடை கிடைக்காவிட்டால் உடனே விற்றுவிட வேண்டியதில்லை. நான் விற்றால் இன்னொருவர் வாங்குவார், கம்பெனிக்கு ஒரு மாற்றமும் இல்லை. வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். 2020 முதல் பல கம்பெனிகள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் காணொளியில் நடத்துகின்றன. முன்கூட்டிப் பெயர் பதிவு செய்தால், ஐம்பது பங்கு வைத்திருப்பவரும் மும்பைக்கு டிக்கெட் எடுக்காமல் கேள்வி கேட்கலாம். நான் ஒரு கம்பெனியில் அப்படிக் கேட்டேன். நன்றி சொன்னார்கள், பதில் பின்னர் வரும் என்றார்கள். வரவில்லை. அடுத்த ஆண்டும் கேட்டேன், அதே நன்றி. அதன் பிறகுதான் விற்றேன். விற்ற பின் அந்தப் பங்கு நன்றாக ஏறியது. என் மனைவி அதை இன்றும் நினைவூட்டத் தவறுவதில்லை. நஷ்டமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாகப்பட்டினத்துப் பெரியவர் மூட்டையைத் திரும்பக் கட்டிக் கொடுத்தது மனதில் இருக்கும்போது, பதில் சொல்லாத கம்பெனியின் பங்கை வைத்திருக்க எனக்குக் கை வரவில்லை. இன்னொரு கம்பெனி விவரமாகப் பதில் எழுதியது. அதன் பங்கு பெரிதாக ஏறவில்லை. ஆனாலும் அதை வைத்திருக்கிறேன்.

கம்பெனியைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த முறை எங்காவது வெள்ளமோ புயலோ வந்து துணி சேகரித்தால், துவைத்து, மடித்து, நம் சொந்தத் தம்பிக்குக் கொடுக்கத் தயங்காத துணியை மட்டும் வாங்குவோம். மற்றதைக் கொடுப்பவரிடமே அன்போடு திருப்பிக் கொடுப்போம். அதை வாங்கி வைத்துக்கொள்ளும் தாட்சண்யம் வேண்டாம். இரண்டாவது, தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கும் முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒருமுறை பீரோவைத் திறந்து, விலைச்சீட்டோடு இருப்பவற்றை எண்ணிப் பார்ப்போம். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். கசக்கவே நேரமில்லாத அளவுக்கு வாங்கிக் குவிப்பது நமக்கு எப்போது பழக்கமாயிற்று?

அந்த இளம் தம்பதிக்கு என் பதில் இதுதான். தம்பி, வாங்குங்கள். ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் மனைவி கேட்ட கேள்வியைக் கம்பெனியிடம் கேளுங்கள். அம்மா, நீங்கள் கேட்பதை நிறுத்தாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது என்ன பதில் வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள். காபி என் செலவு.